ஒன்பது தாங்கும்

வீட்டில் கடல் மீன் வளர்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "உப்பு எங்க வாங்குறீங்க? கல்லுப்பா, தூளுப்பா?"

நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், ஐயா. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்தாவது தொடங்க வேண்டுமே. நான் உப்பு வாங்குவதில்லை. தேவனாம்பட்டினத்துப் பச்சமுத்து படகில் அலை தாண்டிப் போய், இருபது லிட்டர் கேன்களில் கடலையே மொண்டு வந்து கொடுத்துவிடுவான். கரையோரத் தண்ணீர் ஆகாது, கலங்கல்.

ஆனால் கேட்கவேண்டிய கேள்வி உப்பு இல்லை. ஒரு தொட்டி எத்தனை மீன் தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவன் மீன் வளர்க்கக் கூடாது. எனக்குத் தெரியும். நடந்ததற்கெல்லாம் காரணமும் அந்தப் பதில்தான். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கொளஞ்சி நிதானமாகவே எழுதட்டும். நான் எங்கும் போகப்போவதில்லை.

பெயர் லியோ. வயது நாற்பத்தொன்று. கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். முதுநகரில் என் மாமனார் மரிய ஜோசப்புடன் குடியிருந்தேன். மனைவி சிந்தியா சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அண்ணாமலை நகரில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருவாள். குழந்தைகள் இல்லை. அதையும் எழுதிவிடுங்கள். நான் சொல்லாவிட்டாலும் தெருவில் யாராவது சொல்வார்கள்.

என் தொட்டி நாலடி நீளம். பாறையும் மணலும் அடைத்தது போக இருநூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். கடல் மீனுக்கு அங்குலக் கணக்கு உண்டு. முதல் வருஷம் ஓர் அங்குல மீனுக்குப் பதினைந்து லிட்டர் விடவேண்டும். தொட்டி பழகிய பிறகு எட்டு லிட்டர் போதும். என் தொட்டிக்கு மூன்று வயது. இருநூறை எட்டால் வகுத்தால் இருபத்தைந்து அங்குலம். கோமாளி மீன் ஒரு ஜோடி, ஆறு அங்குலம். நீல மீன் நாலு, எட்டு அங்குலம். பச்சை மீன் ஒன்று நாலு, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று நாலு. ஆகமொத்தம் எட்டு மீன், இருபத்திரண்டு அங்குலம். மூன்று அங்குலம் மிச்சம் இருந்தது. அந்த மூன்று அங்குலத்தில் ஒன்பதாவதாக ஒரு களவாக் குட்டியை விட்டேன்.

கணக்கில் தப்பு இல்லை. ரைட்டர் வேண்டுமானால் கூட்டிப் பார்க்கலாம்.

களவாவைக் கொண்டுவந்த பச்சமுத்துவுக்கே அதைக் கொடுக்க மனமில்லை. கேனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"எட்டோட நிறுத்திக்க சார். இது களவா. இன்னிக்கு வெரல் நீளம், அடுத்த வருசம் மொழங்கை நீளம். தொட்டி எத்தினி தாங்கும்னு கரண்டு இருக்கிற நாள்ல கேக்கக் கூடாது. கரண்டு போன நாள்ல கேக்கணும்."

கூடத்தில் நாற்காலியில் இருந்த மாமாவுக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்கும். "நல்லா சொல்லு பச்சமுத்து. எட்டே ஜாஸ்தின்றேன் நானு. அஞ்சு போதும் மாப்ள. ஜாஸ்தி ஏத்துன தோணி கரை சேந்ததில்ல."

மாமா கடலூர்த் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலுக்குப் போகும் தோணிகளில் எத்தனை மூட்டை ஏறுகிறது என்று எண்ணுகிற வேலை. உர மூட்டை, சிமெண்டு மூட்டை. எண்ணிக்கை மூளைக்குள் போனது, தூசி நுரையீரலுக்குள் போனது. ரிட்டயரான பிறகும் இரண்டும் வெளியே வரவில்லை. காலையில் காபி குடித்ததும் தொட்டியின் முன் உட்கார்ந்து மீன்களை எண்ணுவார். "ஒண்ணு… ரெண்டு…" என்று, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே இரண்டு மூச்சு வாங்குவார். ஒன்பது வரைக்கும் போய்விட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அஞ்சு போதும்" என்பார். தினமும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வயதானவர்கள் பேசத்தான் செய்வார்கள்.

இரண்டாயிரத்துப் பத்திலிருந்து அவருக்குச் சொந்த மூச்சு போதவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்றை சிந்தியா வாங்கி வைத்தாள். மூக்கில் இரண்டு துளைக் குழாய், நாள் முழுக்க.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டு வருஷமாகக் கரண்டு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். காலையில் மூன்று மணி நேரம் இருக்காது, சாயங்காலம் சொல்லாமல் போகும். வீட்டில் ஒரு இன்வெர்ட்டர். தொட்டியின் மோட்டார் நாற்பது வாட் இழுக்கும். மாமாவின் மெஷின் முந்நூற்றைம்பது இழுக்கும். தொட்டியை மட்டும் மாட்டினால் அந்த பேட்டரி ஒரு பகல் ஓர் இரவு நிற்கும். மாமாவையும் சேர்த்து மாட்டினால் மூன்று மணி நேரம்.

என் தொழிலே அளப்பதுதான், ஐயா. எதையும் அளந்து பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. மாமா ஐந்தடி ஐந்து அங்குலம். அதாவது அறுபத்தைந்து அங்குலம். அந்த வீடு தாங்கக்கூடிய அங்குலம் இல்லை அது.

வீடு அவருடையதுதான். அதை எழுதவேண்டிய அவசியம் இல்லை.

போன கிறிஸ்துமஸைப் பற்றி சிந்தியா உங்களிடம் ஏதோ சொல்லியிருப்பாள். பெரிதாக ஒன்றும் இல்லை. பூசை முடிந்து மாமாவின் பழைய துறைமுகத் தோழர்கள் ராஜாமணியும் சின்னையனும் பலகாரம் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த வாரம்தான் கோமாளி ஜோடி பாறை ஓரத்தில் முட்டை வைத்திருந்தது. வீட்டுத் தொட்டியில் அது லேசில் நடக்காது. நான் டார்ச் அடித்துக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கில், கடுகு கடுகாக.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "மீனே முட்ட வச்சிடுச்சு. ஒம்பது வருசமா நானுந்தான் காத்துக்கெடக்கேன்" என்றார்.

"மாப்ளைய தொட்டிக்குள்ள எறக்கிப் பாரேன் ஜோசப்பு" என்றார் சின்னையன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, சிந்தியாதான் முதுகைத் தடவிவிட்டாள். அவள் சிரித்தாளா என்று நான் கவனிக்கவில்லை. இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை நான். அன்றைக்கு அவர் மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவள் சிதம்பரம் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடியும்போது 'தானே' புயல் வந்தது.

புயலை நீங்களும் பார்த்தீர்கள், அதை நான் சொல்ல வேண்டாம். முந்தின இரவே கரண்டு போயிருந்தது. இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் ஓடி நின்றது. விடிகாலையில் மாமாவை சிலிண்டருக்கு மாற்றினேன். ஆளுயர சிலிண்டர், ஆத்திர அவசரத்துக்கென்று சிந்தியா வைத்திருந்தது. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர் கொடுத்தால் ஐம்பத்தெட்டு மணி நேரம் வரும். வெள்ளிக் காலை ஆறு மணிக்குத் திறந்தால் ஞாயிறு மாலை நாலு மணி.

தொட்டியில் மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர் அசையாவிட்டால் மீனுக்கு மூச்சு இல்லை. மீன் வளர்க்கிற நாங்கள் ஒரே பம்பிலிருந்து இரண்டு தொட்டிக்குக் காற்றைப் பிரிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் இணைப்பு வைத்திருப்போம். ஆங்கில டி (T) எழுத்தைப் போல இருக்கும், இரண்டு பக்கமும் ஒரு திருகு. அதை சிலிண்டர் குழாயில் பொருத்தினேன். ஒரு கிளை மாமாவின் மூக்குக்கு. ஒரு கிளை தொட்டிக்குள். இருவருக்கும் சமமாகத்தான் பிரித்தேன். தொட்டியில் நுரை நுரையாகக் குமிழ் எழுந்தது.

மாமா அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. "குடு மாப்ள, அதுங்களும் உசுரு தானே" என்றார். இதை உங்கள் பேப்பரில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அவர் சம்மதத்தோடுதான் தொடங்கினேன்.

அன்று பகல் முழுக்க வெளியே தகரக் கூரைகள் பறந்துகொண்டிருந்தன. எதிர் வீட்டு முருங்கை எங்கள் சுவரில் வந்து விழுந்தது. மாமா தொட்டியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மெடிக்கல் ரெப், சாலையில் வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே பைக்கைத் தள்ளிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தான். சிந்தியா கொடுத்த சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. 'ஆலப்பாக்கம் வரை ரோடு சரியாகிவிட்டது. ஞாயிறு காலை இரண்டு சிலிண்டரோடு வேனில் வந்துவிடுவேன். அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

ஆமாம், சீட்டு எனக்குக் கிடைத்தது. மறைக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்துபோகும் என்று பயந்துதான் செய்தேன் என்றால் நீங்கள் என்னை விட்டிருக்கக்கூடும். அது பொய். அவள் வருவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு சிலிண்டர் வந்தால் மாமா இன்னும் ஐந்து நாள் தாங்குவார். கரண்டு வரப் பத்து நாளாவது ஆகும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாள் கழித்து இன்னும் இரண்டு, அது கழித்து இன்னும் இரண்டு. பிரச்சினை தள்ளிப்போகும், தீராது. ஒரு வீடு எத்தனை மூச்சு தாங்கும் என்று யாராவது ஒருவர் முடிவு செய்யத்தான் வேண்டும். ஒரு பக்கம் ஒன்பது. ஒரு பக்கம் ஒன்று.

அதற்காக அவரை அப்படியே அனுப்பிவிடுகிற ஆள் இல்லை நான். இரண்டு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்துபோய்ப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டேன். "மாமாவுக்கு முடியல சாமி. அவஸ்தை குடுத்துடுங்க" என்றேன். சாகக்கிடப்பவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி மந்திரிப்பதை எங்களவர்கள் அவஸ்தை என்பார்கள். ரைட்டர் வேறு அர்த்தத்தில் எழுதிவிடக் கூடாது.

சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விழுந்த கம்பங்களைத் தாண்டித் தாண்டி வந்தார். வந்து பார்த்தால் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னா சாமி, புது வருசப் பூசைக்கு ஆள் பத்தலன்னு வீடு வீடா வந்துட்டீங்களா?"

சாமியார் என்னைப் பார்த்தார். "இவரு நல்லாத்தானே இருக்காரு லியோ?"

"ராத்திரி ரொம்ப மோசமா இருந்தாரு சாமி."

"நானா? கொறட்ட வுட்டுத் தூங்குனேன்" என்றார் மாமா. ஆனாலும் மறுக்கவில்லை. "வந்தது வந்துட்டீங்க, பூசிட்டுப் போங்க. எண்ணெ கெட்டா போவப்போவுது." செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நான் வெளியே நின்றேன். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் எண்ணெய் வாங்கிக்கொண்டார். சாமியாருக்குக் கடுங்காபி போட்டுக் கொடுத்தேன். மூன்றரைக்குப் போனார்.

நாலரைக்கு மாமாவின் பக்கத்துத் திருகைக் கொஞ்சம் மூடினேன். ஐந்து நிமிஷம் விட்டு இன்னும் கொஞ்சம். திடீரென்று மூடுவது கொடுமை. மீனையே ஒரு தண்ணீரிலிருந்து இன்னொரு தண்ணீருக்கு மாற்றும்போது சொட்டுச் சொட்டாகத்தான் பழக்குவோம்.

"காத்து வரலியே மாப்ள" என்றார்.

"வருது மாமா."

மூக்குக் குழாயை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். மறுபடி மாட்டிக்கொண்டார். நான் திருகை முழுசாக மூடினேன். தொட்டிப் பக்கம் குமிழ் பெரிதாக எழுந்தது. அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். தோளில் கைவைத்து உட்காரவைத்தேன். அழுத்தவில்லை. அழுத்த வேண்டியிருக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. வாயைத் துடைத்து, கைகளைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றிவைத்தேன். உள்ளங்கையில் எண்ணெய் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு சிந்தியா வேனிலிருந்து இறங்கினாள். பின்னால் இரண்டு சிலிண்டரும் கயிறு போட்டுக் கட்டி நின்றன. "நேத்து சாயங்காலம் திடீர்னு இழுத்துடுச்சு. ஓடிப்போய் சாமியாரக் கூட்டிட்டு வந்தேன். கடைசி நிமிசத்துல அவஸ்தை கெடச்சிடுச்சு" என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அதாவது கெடச்சுதே. நீங்க இல்லாட்டி அதுவும் கெடச்சிருக்காது" என்றாள். அன்று மாலையே அடக்கம். புயலில் செத்தவர்கள் ஊரில் நிறையப் பேர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் செய்த ஒரே பிழை அந்த எண்ணெய்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு எழுதிக்கொடுக்க சிந்தியா கோயிலுக்குப் போனாள். சாமியார் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவளிடம், "புண்ணியவான்மா உங்கப்பா. நான் எண்ணெய் பூசும்போதுகூட என்னைக் கிண்டல் பண்ணி சிரிச்சிட்டே இருந்தாரு. இப்படி ஒரு சாவு யாருக்கு வரும்" என்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இழுத்துக்கிட்டு இருந்தவரு எப்படிச் சிரிச்சாரு?" என்றாள்.

நான் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.

"எத்தன மணிக்குப் போயி சாமியாரக் கூப்டீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"சாயங்காலம் வரப்போற சாவு ரெண்டு மணிக்கே எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. நேராக உங்களிடம்தான் வந்தாள். ஆத்துமத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒருவன் இதைச் செய்திருந்தால் இன்று வரை வெளியில் இருந்திருப்பான். நல்லது நினைத்துச் செய்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் நேரும்.

பச்சமுத்து உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும். அரைமணி நேரமாக அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மெடிக்கல் ரெப்புக்கு முன்னால் அவன்தான் முதலில் வந்தான். படகு இரண்டாக உடைந்து கிடக்கிறது என்று சொல்ல வந்தவன், தொட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். கையைவிட்டு ஒரு மீனை எடுத்து, செவுளைக் கட்டைவிரலால் தூக்கிப் பார்த்தான். மீனவர்களுக்கு அது போதும். சந்தையில் ஒரு மீனை எடுத்தால் எந்த வேளைக்குச் செத்தது என்று சொல்லிவிடுவார்கள்.

"செவுளு வெளுத்துடுச்சு சார். இது நேத்தே போனது. எல்லாமே நேத்து போனதுதான்."

முதலில் செத்தது களவா. பாறைக்குப் பின்னால் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. அது அழுகி, தண்ணீர் விஷமாகிவிட்டது. அப்புறம் எவ்வளவு ஆக்சிஜன் விட்டும் பயன் இல்லை. வெள்ளிக்கிழமை மாமா எண்ணிக்கொண்டிருந்தார் என்று சொன்னேனே, அன்று அவர் எண்ணியது கீழ்நோக்கி. "எட்டு" என்றார். இரண்டு மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு." வெளியே காற்று ஊளையிட்டது. "ஆறு." நான் கூடத்தில்தான் நின்றேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது, "சைபர், மாப்ள" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூச்சுத் திணறல் இருப்பவர்களுக்கு அப்படி வழியும். சிந்தியாவைக் கேட்டால் சொல்வாள்.

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடு மாப்ள. கரண்டு வரட்டும். மெட்ராசுக்குப் போயி நல்லதா வாங்கியாரலாம், நானும் வரேன். இந்தத் தடவ அஞ்சு போதும்."

அஞ்சு போதும் என்றார்.

அதற்காகத்தான் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. இருபத்தைந்து அங்குலம், ஒன்பது மீன், என் கணக்கு சரிதான். மறுநாள் நான் திருகை மூடியபோது அவர் தொட்டியில் எழுந்த குமிழைக் காட்டி, "அங்க யாருக்கு மாப்ள?" என்று கேட்டார். "மீனுங்களுக்கு மாமா" என்றேன். சாகப்போகிற மனிதரிடம் நான் பொய் சொல்லமாட்டேன். மீன்களுக்காகத்தான் செய்தேன்.